கான் ஓரத்துப் புல்

எங்கள் பசு செத்தது வறண்ட கச்சான் காற்று ஓய்ந்து மழை இறங்கிய நாட்களில். அப்போதும் இப்போதும் நாங்கள் இருப்பது லுணுகலைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில். நான் கொழுந்து பறிக்கிறேன். என் கணவர் உரம் போடுகிற ஆட்களில் ஒருவர்.

எங்கள் ஒற்றையறை வீடுகளான காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குப் பின்னால், தேயிலையைப் பிடுங்கிவிட்டு அப்படியே போட்டுவிட்ட மலையொன்று உண்டு. லயத்து மாடுகளெல்லாம் அங்கேதான் மேய்ந்தன. அவை கடித்துக் கடித்துப் புல் தரையோடு ஒட்டிக் கிடக்கும்; இடையிடையே தொட்டாச்சுருங்கி படர்ந்திருக்கும். சாணி விழுந்த இடங்கள் மட்டும் திட்டுத் திட்டாகக் கரும்பச்சையில் நிற்கும். அவற்றை மாடுகள் கொஞ்ச காலத்துக்குத் தொடாது.

அந்த வருடம் கச்சான் விடாமல் அடித்தது. மலை வைக்கோல் நிறமானது. எங்கள் பசுவுக்கு விலா எலும்பு தெரிந்தது. பசி தாங்காமல் ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய், லயத்தின் கடைசிக் காம்பராக்காரர் போட்டிருந்த போஞ்சிப் பாத்தியைத் தின்றுவிட்டது. அவர் சத்தம் போட்டார். என் கணவரும் பதிலுக்குப் பேசினார். அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

மழை வந்ததும் தேயிலைக்கு உரம் போட்டார்கள். அதன் பிறகும் வானம் மூடியே கிடந்தது. தேயிலைக்குள் தண்ணீர் ஓடுகிற கான் ஓரமெல்லாம் புல் மளமளவென்று எழும்பியது. அத்தனை பச்சையை நான் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது. வேலை முடிந்து ஒரு கட்டு அறுத்துவந்து போட்டேன். பசு தலை நிமிராமல் தின்றது. அது தின்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பொழுது சாய்வதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. கால்கள் பின்னின. எழுப்பப் பார்த்தோம், எழவில்லை. லயத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். கடைசிக் காம்பராக்காரரும் வந்து நின்றார். அவர் காதில் விழும்படியே என் கணவர் சொன்னார்:

“அவந்தான் என்னமோ வெச்சிருக்கான்.”

கடைசிக் காம்பராக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாட்டு டாக்டர் பதுளையிலிருந்து மறுநாள் காலையில்தான் வர முடிந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர் பசுவின் கழுத்தைக் கீறிப் பார்த்தார். இரத்தம் சிவப்பாக இல்லை. கோப்பி நிறத்தில் இருந்தது. என்ன தின்றது, புல்லை எங்கே அறுத்தேன், அங்கே உரம் போட்டார்களா என்று விசாரித்தார். மீந்திருந்த புல்லைக் காட்டினேன்.

“யாரும் விஷம் வைக்கலங்க,” என்றார். “புல்லுதான்.”

“நாங்க போட்ட உரமா?” என்று கேட்டார் என் கணவர்.

காய்ந்த மண்ணில் தங்கிக் கிடந்த சத்தும் போட்ட உரமும், மழை விழுந்ததும் ஒரேயடியாகப் புல்லில் ஏறிவிடும் என்றார் டாக்டர். வெயில் இருந்தால் புல் அதைத் தன் உடம்பாக்கிக்கொள்ளும். வெயில் இல்லாததால் அது அப்படியே தங்கியிருக்கிறது. வெறும் வயிற்று மாட்டின் இரத்தத்தை அது கெடுத்துவிடுமாம். இறைச்சியை யாரும் எடுக்கக்கூடாது, ஆழமாகப் புதைத்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

என் கணவர் கடைசிக் காம்பராவுக்குப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை. இருவரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வெளியே வந்து, மலையடிவாரத்தில் மத்தியானம் வரை குழி வெட்டினார்கள். மண்ணைத் தள்ளும்போது நான் லயத்துக்குத் திரும்பிவிட்டேன்.

லயத்துச் சனம் பயந்துபோனது. ஒவ்வொருவராக மாடுகளை விற்றார்கள். மாடில்லாத மலையில் மானாப்புல் எழும்பியது. அதன் நிழலில் தொட்டாச்சுருங்கி அற்றுப்போனது. அடுத்த கச்சானில் அந்தப் புல்லெல்லாம் காய்ந்து நின்றபோது எங்கிருந்தோ நெருப்புப் பிடித்தது. பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்து அடித்துத்தான் லயத்துக் கூரைக்குக் கிட்டே அதை நிறுத்தினோம். பிறகு பெய்த மழையில் மலையின் மண் கறுப்பாகக் கரைந்து வாசல் வழியே ஓடியது. இத்தனை காலம் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்தது மாடுகள் கடித்துவிட்ட கட்டைப் புல்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது என் கணவரும் கடைசிக் காம்பராக்காரரும் சேர்ந்து வெலிமடைப் பக்கமிருந்து ஒரு கிடாரி கொண்டுவந்திருக்கிறார்கள். உரம் போட்ட இடத்துப் புல்லை, நன்றாக வெயில் அடித்து வெகுநாள் போகும்வரை நான் தொடுவதில்லை. ஆற்றோரம் போய்த்தான் அறுக்கிறேன். கிடாரியை மலையில் கட்டும் இடத்தில் மட்டும் புல் தாழ்ந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் மானா ஆளுயரம் நிற்கிறது. அந்த மலைக்கு ஒரு மாடு போதாது.