உங்க குப்பையில நீங்களே கை விடுங்க

கிட்ட வந்து உக்காருங்க, இதை நான் உரக்கச் சொல்ல முடியாது. எங்க தொழில்ல ஊரே நம்ம கிட்ட ரகசியத்தைக் கட்டி வாசல்ல வெச்சுட்டு, காலையில ஒண்ணும் தெரியாத மாதிரி சிரிக்கும். மாரண்டஹள்ளி பக்கம் ஒரு ஊராட்சியில வூடு வூடாப் போய் குப்பை வாங்குற வேலை எனக்கு. கூட்டாளி சின்னப்பாப்பா. என்னை விட பதினஞ்சு வயசு சின்னவ, மூளையில என்னை விட அம்பது வயசு பெரியவ. நீங்களும் குப்பை போடுறவங்கதானே, அப்ப நான் சொல்லப்போற பயத்துல உங்களுக்கும் பங்கு இருக்கு.

ஆளுக்கு ஒண்ணும் ஆவாதாம்

வேலைக்குச் சேர்ந்த புதுசு. வாங்கின குப்பையை ஷெட்டுல கொட்டி, மக்குறது மக்காததுன்னு பிரிக்கணும். ஒரு கவருக்குள்ள உருண்டையா ஒரு டப்பா இருந்துச்சு. எடம் அடைக்குதேன்னு சின்னப்பாப்பா காலால மிதிச்சா. உள்ள பாதி மிச்சம் இருந்த தக்காளிக்கு அடிக்கிற மருந்து, பீச்சிக்கிட்டு அவ மூஞ்சியில அடிச்சுடுச்சு. கண்ணு ரெண்டும் மொளகாய்ப் பழமா சிவந்து போச்சு. குடம் குடமா தண்ணி ஊத்தினேன். "யக்கா, வெளிச்சம் தெரியல, வெளிச்சம் தெரியல"ன்னு கத்துறா. ஒரு மணி நேரம் போய்த்தான் என் சேலை என்ன கலருன்னு சரியாச் சொன்னா. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

எந்த வூட்டு டப்பான்னு எங்களுக்குத் தெரியும். கவரை வெச்சே வூட்டைச் சொல்லிடுவோம். ஜவுளிக்கடைக் கவர் ஒரு வூடு, அரிசிக்கடைக் கவர் ஒரு வூடு. நேராப் போய்க் கேட்டோம். அந்த வூட்டு விவசாயி கோவமே படல. மோர் குடுத்து, பொறுமையாச் சொன்னாரு:

"அது பூச்சிக்குத்தாங்க மருந்து, ஆளுக்கு ஒண்ணும் ஆவாது."

மஞ்சப் பை

போன வருசம் ஊர்ல ஒரு பெரிய கல்யாணம். தாம்பூலத்துக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சப் பை குடுத்தாங்க. மறு வாரம் தெருவுல முப்பது வூடும் அந்தப் பையிலதான் குப்பையைக் கட்டி வெச்சுது. எது ஆரோடதுன்னு எங்களுக்கே தெரியல.

ஒரு பையில முடிச்சு இறுகிக் கெடந்துச்சு. கையுறை போட்டுக்கிட்டு முடிச்சு அவுக்க வராதுங்க. விரலு தடியா நிக்கும், நுனி புடிபடாது. எங்காளுங்க எல்லாரும் செய்யுற தப்பைத்தான் நானும் செஞ்சேன். கையுறையைக் கழட்டி இடுப்புல சொருகிக்கிட்டு முடிச்சை அவுத்தேன். அவுத்த கையோட மறுபடி மாட்டாம உள்ள விட்டேன். சுருக்குன்னுச்சு. கையை எடுத்தா நடுவிரல்ல ஊசி தொங்குது. போட்டு முடிச்ச ஊசி, மூடி இல்ல.

சின்னப்பாப்பா ஊசியைப் புடுங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கிட்டுப் போனா. டாக்டரம்மா ரத்தம் எடுத்தாங்க, மாத்திரை குடுத்தாங்க. என்னென்ன நோய் வரலாம்னு நான் கேட்டதுக்கு அவங்க சொன்ன பேரு எதுவும் இப்ப ஞாபகம் இல்ல. கடைசியாச் சொன்னது மட்டும் மறக்கல:

"ஊசி ஆரோடதுன்னு தெரிஞ்சா அவங்க ரத்தத்தைப் பாத்து பாதிப் பயத்தைப் போக்கிடலாம், தெரியலன்னா மாசக் கணக்குல நீங்க பயந்துக்கிட்டேதான் இருக்கணும்."

களி உருண்டை

வூட்டுக்கு வந்தேன். தினமும் களி கிண்டி நான்தான் உருட்டிப் போடுவேன். அன்னைக்கு உருட்ட கை வரல. என் தட்டு, சொம்பு எல்லாத்தையும் தனியா எடுத்து வெச்சேன். அதெல்லாம் தேவையே இல்லைன்னு டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாங்க. பயத்துக்குக் காது ஏதுங்க. நான் கரண்டியால மோந்து போட்ட களியை எங்க வூட்டுக்காரரு பாத்தாரு. என்னைப் பாத்தாரு. முந்தானைக்குள்ள இருந்த என் கையைப் பாத்தாரு.

"என்னா புள்ள, கையில எதை ஒளிச்சு வெச்சிருக்க?"

முப்பது வாசல்

மறுநாள் வாசல் வாசலா நின்னு கேட்டேன். "ஊசி போட்டுக்கிறவங்க ஆராச்சும் இருக்கீங்களா சாமி, திட்ட மாட்டேன், ரத்தம் மட்டும் பாக்கணும்." ஒரு வூட்டுல, "எங்க பரம்பரையிலயே நோவு கெடையாது"ன்னாங்க. இன்னொரு வூட்டுல, "கண்ணைத் தொறந்து வேலை செய்யக்கூடாதா?"ன்னு என்னையே திட்டினாங்க. இருமிக்கிட்டே ஒரு பெரியவர், "எனக்கு இருமலே வந்ததில்ல"ன்னாரு. சிரிப்பு வர வேண்டிய எடத்துல எனக்கு அழுகை வந்துச்சு. தெருக்கோடியில ஒரு அம்மா மட்டும் நியாயமாத்தான் கேட்டாங்க:

"குப்பைக்கு ஆருங்க பேரு எழுதி வெக்கிறாங்க?"

சாக்கு

அதுக்கு மறுநாள் காலையில சின்னப்பாப்பா விசில் ஊதினா. வண்டியை நிறுத்திட்டு, ஒரு வெள்ளைச் சாக்கை முதல் வூட்டு வாசல்ல விரிச்சா. "இன்னைக்குக் குப்பையை வண்டியில போடக்கூடாதுங்க. அவங்கவங்க பையை அவங்கவங்களே கை விட்டுப் பிரிச்சு இதுல கொட்டணும்."

"இது ஆரு உத்தரவு?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க.

"கண்ணு எரிஞ்சவளும் கையில குத்து வாங்கினவளும் சேர்ந்து போட்ட உத்தரவுங்க."

மூக்கைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா கை விட்டாங்க. ஒரு மாமியாருக்கு காணாமப் போன வெள்ளி ஸ்பூனு கெடைச்சுது. "அடப்பாவமே, மருமவளைச் சும்மா திட்டிட்டேனே!" தெருவே சிரிச்சுது. சின்னப்பாப்பா சிரிக்கல. அவ பையையும் பாக்கல, குப்பையையும் பாக்கல. ஒவ்வொருத்தர் கையையே பாத்துக்கிட்டு இருந்தா.

பன்னண்டாவது வூடு. அந்த அம்மா பை வாய் வரைக்கும் கையைக் கொண்டு போனாங்க. கை அங்கயே நின்னு போச்சு. "இரு, இடுக்கி எடுத்தாரேன்"னு திரும்புறதுக்குள்ள, காலேஜ் முடிச்ச அவங்க பொண்ணு, "நான் எடுக்குறேம்மா"ன்னு குனிஞ்சுது. அம்மா அது கையைப் பட்டுன்னு தட்டி விட்டாங்க.

சின்னப்பாப்பா பையைச் சட்டுன்னு மூடித் தன் பக்கம் இழுத்துக்கிட்டா. "இவங்களுது வெறும் காய்த்தோலுங்க, பிரிக்க ஒண்ணும் இல்ல"ன்னு தெருவுக்கே கேக்கச் சொல்லிட்டு வண்டியைத் தள்ளினா. கூட்டம் அடுத்த வாசலுக்கு நகந்ததும் அந்த அம்மா அவ காதுகிட்ட வந்து சொன்னாங்க:

"பொண்ணுக்குச் சின்னதுலருந்து சக்கரை ஊசி, பாப்பா. தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கோம், வெளிய தெரிஞ்சா நின்னு போவும்."

இன்னொரு குத்து

ரத்தம் குடுக்க அம்மா ஒத்துக்கல. "ஆஸ்பத்திரியிலதான் இருப்பேன்"னு அந்தப் பொண்ணு காதுல படுற மாதிரி சொல்லிட்டு வந்தேன். நான் ஆஸ்பத்திரி பெஞ்சுல போய் சும்மா உக்காந்துக்கிட்டு இருந்தேன். மத்தியான பஸ்ஸுல துப்பட்டாவைத் தலையில போட்டுக்கிட்டு ஒரு உருவம் எறங்கி வந்துச்சு. அந்தப் பொண்ணு. தனியா வந்திருந்துச்சு. என் விரலைப் புடிச்சு ஊசி குத்தின எடத்தைப் பாத்துச்சு. அப்புறம் டாக்டரம்மா கிட்ட கையை நீட்டிச்சு.

அது ரத்தத்துல பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க. நானும் விடாம மறு டெஸ்ட்டுக்கெல்லாம் போனேன், எனக்கும் ஒண்ணும் இல்ல. கல்யாணம் என்ன ஆச்சுன்னு என்னைக் கேக்காதீங்க, அது அந்தப் புள்ள சொல்ல வேண்டியது. இப்ப அது போட்ட ஊசியெல்லாம் மூடி போட்ட கெட்டி டப்பாவுல வருது, மேல செவப்புக் கோடு போட்டு. அதைப் பாத்து தெருவுல அஞ்சாறு வூட்டுல பிளேடும் ஒடைஞ்ச கண்ணாடியும் அப்படித்தான் தனியா வருது. அன்னைக்கு பெஞ்சுல, "வலிச்சுதாம்மா?"ன்னு நான் கேட்டதுக்கு அது சொன்னது:

"தினமும் குத்திக்கிற கைங்க இது, உங்களுக்காக ஒண்ணு கூடக் குத்திக்கிட்டா என்னா?"

பாப்பா கடைசியா விரிச்ச சாக்கு

எல்லாம் முடிஞ்சுதுன்னு நிம்மதியா இருந்தேன். ஒரு ஞாயித்துக்கெழமை எங்க வூட்டு வாசல்ல விசில் சத்தம். வெளிய வந்தா சின்னப்பாப்பா. அந்த வெள்ளைச் சாக்கை என் வாசல்ல விரிச்சுக்கிட்டு இருக்கா. எங்க வூட்டுப் பையைத் தூக்கி என் முன்னால வெச்சா.

"கொட்டுங்க யக்கா."

முந்தின நாள் ஒடைஞ்ச டியூப்லைட்டை எங்க போட்டேன்? அவரு சவரம் பண்ணின பிளேடு எதுல போச்சு? எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல. எத்தனையோ வருசமா ஊர்க் குப்பையில பயமில்லாம கை விட்டவ, எங்க வூட்டுக் குப்பைக்கு முன்னால நின்னு குச்சி தேடுனேங்க.