ஊர் எழுதாத சீட்டு

வாழைக்குழி வெட்டும்போது பானை ஓடுகள் வந்தன என்று குளத்தடியில் குடியிருக்கும் அக்கா ஒருவர் தொலைபேசியில் சொன்னபோது, பழைய இடங்களைத் தேடித் திரியும் எங்கள் ஐவரில் இருவர்தான் புறப்பட முடிந்தது. தாதிக்கு விடுமுறை இல்லை, மேசனுக்கு வேலை, ஓய்வுபெற்ற தபாற்காரருக்குக் காய்ச்சல். பளையில் ஓட்டோ ஓடும் அண்ணையும், பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்த நானும் போனோம். எங்களில் எவரும் தொல்லியல் படித்தவரல்லர்.

குளத்துக்குக் கிழக்கே அரை ஏக்கர் மேட்டுக்காணி. அக்காவின் பெற்றோர் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்து காடு வெட்டித் திருத்திய நிலம். மூன்றாவது குழியில் கிடைத்த ஓடுகளை அவர் பற்தூரிகையால் தேய்த்துக் கழுவி, உரப்பையில் காயப்போட்டிருந்தார். உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. ஒன்றில் மீன்முள்ளைப் போன்றதொரு கீறல்.

"கழுவாமலல்லோ வச்சிருக்க வேணும், அக்கா" என்றார் அண்ணை.

"பொம்பிளை பாக்க வாறவைக்கு முகம் கழுவாமலோ காட்டுறது?" என்றார் அவர்.

கிடைத்ததைப் பையிலிட்டு, ஊர், காணி, ஆழம், திகதி எழுதிய சீட்டை அதனுள் வைப்பது எங்கள் வழக்கம். ஊர் தெரியாத ஓடு வெறும் சுட்ட மண். ஆழத்தையும் திகதியையும் எழுதிவிட்டு, காணி யாருடைய பெயரில் என்று கேட்டேன்.

"அரசாங்கம் தந்த பெர்மிட் என்ர மனுசன்ர பேரில. அவர் செத்து ஏழு வருஷம். என்ர பேருக்கு மாத்தக் குடுத்தனான். வரும், வரும் எண்டுதான் சொல்லினம்."

என் பேனா நின்றது. இது வெளியே தெரிந்தால், தொல்பொருள் இடமென்று யாராவது வந்து அளக்கலாம். அளந்தால் எல்லைக்கல் நடலாம். அப்போது கையில் கடதாசி இல்லாத ஒருவர் எதைக் காட்டி மறுப்பார்? ஒன்றுமே நடக்காமலும் போகலாம். ஆனால் என் கணக்குப் பிழைத்தால், இழக்கப்போவது நானல்ல. படம் எடுக்கத் தொலைபேசியை உயர்த்திய அண்ணையை மறித்துவிட்டு, அஞ்சியதை அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

அவர் உடனே இணங்கவில்லை. "பள்ளிக்கூடத்தில என்ர மகளை 'நேற்று வந்த ஆக்கள்' எண்டு சொல்லுதுகள். எங்கட காணிக்குள்ள இவ்வளவு பழசு கிடக்கெண்டு அவள் காட்டட்டும். ஊரை எழுதுங்கோ, தங்கச்சி."

அந்த ஓடுகள் அவருடைய முன்னோருடையவை என்று எந்தச் சீட்டும் சொல்லாது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"எழுதாட்டி நாங்கள் ஏன் பெற்றோலை எரிச்சுக்கொண்டு வந்தனாங்கள்?" என்ற அண்ணை, தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, "கல்லு நட்டிட்டாங்களெண்டா அதுவும் கரைச்சல்தான்" என்றார்.

ஈரச்சாக்கின் கீழ் வாழைக்கன்றுகள் வாடத் தொடங்கியிருந்தன. அக்கா அவற்றையே பார்த்தபடி கேட்டார்: "சொன்னா காணி போகும். சொல்லாட்டி நான் நேற்று வந்தவள். அப்பிடித்தானே?"

படித்த எனக்கு மூன்றாவது வழியொன்று தெரிந்திருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

"சரி. பெர்மிட் வரட்டும், பிறகு எழுதுங்கோ" என்று பையை என்னிடம் தந்துவிட்டு, மூன்றாவது குழியைத் தாமே மண் தள்ளி மூடினார். மற்றவற்றில் கன்றுகளை நட்டோம். வரிசையில் அந்த ஓரிடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

பை இன்று என் அலுமாரியில் இருக்கிறது. நான் மறந்தாலோ, எனக்கு ஏதும் நேர்ந்தாலோ, அது எங்கிருந்து வந்ததென்று சொல்லக்கூடியவர்கள் இருவர்தான். அவர்களும் வாய் திறக்க முடியாதவர்கள். இதை எழுதும்போதும் நான் ஊரைச் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒருமுறையாவது அக்கா அழைப்பார்.

"எழுதிட்டீங்களோ?"

"இல்லை அக்கா. பெர்மிட் வந்திட்டுதோ?"

"இல்லை, தங்கச்சி. வாழை குலை தள்ளிட்டுது. வந்து ஒரு சீப்புக் கொண்டு போங்கோ."