டோஸ்காரரின் பதினொரு மாத்திரைகள்

நாற்பது வருஷம் மருந்துக்கடையில் நின்றவருக்கு ஊர் வைத்த பெயர் டோஸ்காரர். மருந்து ஒரு டோஸ் என்றால் திட்டு மூன்று டோஸ். "சாப்பாட்டுக்கு முன்னாடின்னா முன்னாடிதான். வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வந்து எங்கிட்ட சந்தேகம் கேக்காதீங்க" என்று எதிரே நிற்பவரைக் கிழித்துத் தொங்கவிடுவார். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால், பின்னால் நிற்பவருக்கும் சேர்த்துக் காது நிறையும். அவர் வாய்க்குப் பயந்தே ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு.

அப்படிப்பட்டவர், எழுபத்து நான்கு வயதில், தன்னுடைய மாத்திரைகளைச் சாப்பிடவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

முதலில் மூன்று மாத்திரைகள்தான். பிரஷர் இறங்காததால் டாக்டர் நாலாவதைச் சேர்த்தார். டாக்டருக்கு ஆளை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. கருவி காட்டிய எண்ணைப் பார்த்தார், ஒரு வரி எழுதினார்.

"ரெகுலரா போடறீங்கல்ல?"

"எங்கிட்டயா கேக்கறீங்க?"

விசாரணை அத்தோடு முடிந்தது. வயிற்றுக்குள் போகாத மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொரு மருந்து, அதுவும் வேலை செய்யவில்லை என்று மற்றொன்று. இரண்டே வருஷத்தில் பதினொன்று ஆகிவிட்டது.

வீட்டில் எல்லோரும் அவரவர் பங்குக்கு உதவினார்கள். மகள் ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி வந்தாள். ஏழு நாள், நாலு வேளை, இருபத்தெட்டு மூடி. ஒரு மூடியைத் திறந்தால் பக்கத்து மூடியும் திறந்து, செவ்வாய்க்கிழமை புதன்கிழமைக்குள் கொட்டியது. மருமகன் செல்போனில் அலாரம் வைத்துக் கொடுத்தார். ஒரு நாளைக்கு நாலு தடவை அடிக்கும். டோஸ்காரர் வேளை தவறாமல் அலாரத்தை அணைத்தார். மனைவி சமையலறைச் சுவரில் அட்டவணை ஒட்டினாள். அதில் சிவப்புப் பேனாவால் அவர் போட்ட டிக்குகளைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அத்தனை சுத்தம்.

மகளுக்கு மட்டும் சந்தேகம். ஒரு வாரம் லீவு போட்டு வந்து, வேளா வேளைக்கு உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, அவர் விழுங்கும் வரை நகராமல் நின்றாள். மூன்றாம் நாள் காலை முடிவெட்டும் கடை வாசலில் டோஸ்காரருக்குக் கண் இருட்டியது. கடைக்காரர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்து தாங்கியிருக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் அதலபாதாளத்தில் இருந்தது. "யாரு இவ்வளவு மருந்து எழுதினது?" என்று அதட்டிய அதே டாக்டரிடம், சீட்டைத் திருப்பிக் கையெழுத்தைக் காட்டினாள் மகள். டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வீடு திரும்பிய பிறகு ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டை அனுப்பிவைத்தார்.

வந்தவள் முப்பது வயதுப் பெண். தோளில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான்.

"ஆக்குபேஷன்னா வேலைதானே? ரிட்டயர் ஆனவனுக்கு என்னம்மா வேலை தரப் போற?" என்றார் டோஸ்காரர்.

"சட்டைப் பட்டன் போடறது, ஷேவ் பண்றது, மாத்திரை போடறது எல்லாமே வேலைதான் சார். நீங்க எப்படிப் பண்றீங்கன்னு பாக்க வந்தேன். மாத்திரையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

அலமாரியிலிருந்து செருப்புப் பெட்டி ஒன்று இறங்கியது. மருந்தைக் குப்பையில் போட அவருக்கு மனசு வராது. பிரிக்காத அட்டைகள் காலாவதித் தேதிப்படி வரிசையாக அடுக்கியிருந்தன. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தெரபிஸ்ட் எட்டிப் பார்த்துவிட்டு, "கடை நல்லாத்தான் இருக்கு சார். வியாபாரம்தான் நடக்கல போல" என்றாள்.

டோஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்படுவதாக இருந்தவர் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இளகினார்.

"ஒரு மாத்திரை எடுத்துக் காட்டுங்க."

அட்டையைப் பிடித்தார். கட்டை விரல் நடுங்கியது. அழுத்தினார், வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியபோது மாத்திரை துள்ளிப் போய் பிரிட்ஜுக்கு அடியில் உருண்டது.

"விரல்ல பலமே இல்ல" என்றார் தரையைப் பார்த்தபடி. "எழுத்தும் தெரியல. எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். அந்த நீர் பிரியற மாத்திரையப் போட்டா அரை மணிக்கு ஒரு தடவை ஓடணும். பஸ்ல ஏற முடியுமா?"

"இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேங்க" என்றாள் மனைவி.

"ஊருக்கே டோஸ் விட்டவன், மாத்திரையப் பிரிச்சுக் குடுடின்னு உங்கிட்ட வந்து நிக்கறதா?"

அவளுக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் விளக்குமாறை எடுத்து பிரிட்ஜுக்கு அடியில் விட்டாள்.

தெரபிஸ்ட் அன்று மருந்தைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. அவர் எங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், எந்தக் கையால் குழாயைத் திறக்கிறார், எத்தனை மணிக்கு வெளியே போகிறார் என்று கூடவே இருந்து பார்த்தாள். பிறகு டாக்டருக்கு இரண்டு பக்கம் எழுதினாள். பதினொன்று ஐந்தானது. அட்டையிலிருந்து மாத்திரையை அழுத்தி வெளியே தள்ள ஒரு சின்னக் கருவி வந்தது. இருபத்தெட்டு மூடி டப்பா போய், பெரிய மூடியும் பெரிய எழுத்துமாக இரண்டே டப்பாக்கள் வந்தன. காலை டப்பா ஷேவிங் பிரஷுக்குப் பக்கத்தில். நீர் மாத்திரை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவர் வெளியே போய்த் திரும்பிய பிறகு. பிரிக்க முடியாத நாளில் மனைவி பிரித்துத் தருவாள், ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கக் கூடாது. அந்த ஷரத்து டோஸ்காரர் போட்டது.

இரண்டு மாதம் கழித்து பிரஷர் சரியாக இருந்தது. "பாத்தீங்களா, என் மருந்து கேக்குது" என்று டாக்டர் தன்னையே மெச்சிக்கொண்டார்.

"போன மாசம் மூணு வேளை விட்டுட்டேன் டாக்டர்" என்றார் டோஸ்காரர்.

டாக்டர் முதல்முறையாக எண்ணிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.