கதவுப் பலகையில் எட்டுக் கீறல்

அந்த ஓவியக் காட்சிக்கூடத்தில் படம் மாட்டுபவருக்கு ஆணிக்காரர் என்றுதான் பெயர். இருபத்தேழு வருஷமாகச் சுத்தியலும் கையுமாகத் திரிகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பார்க்க வருகிறவர்கள் எல்லாம் படத்தின் முகத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். முதுகைப் பார்ப்பவர் இவர் ஒருவர்தான். கொக்கி மாட்டுவது அங்கேதானே.

அன்று காலை வந்து இறங்கியது லேசுப்பட்ட படமில்லையாம். நானூறு வருஷத்துக்கு முந்தைய மேதை ஒருவர் சிறையில் கிடந்தபோது மரப்பலகையில் தீட்டியதாம். ஒரு கிழத் துறவி, கையில் மண்டையோடு. இது இன்னார் கைவேலை என்று கண்டுபிடித்தவர் காட்சிக்கூடத்தின் இயக்குநரேதான். கண்டுபிடித்த கையோடு தடிமனாக ஒரு புத்தகமும் எழுதிவிட்டார். ஒரு வாரமாக மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆணிக்காரர் பலகையை மேஜைமேல் கவிழ்த்துப் போட்டு, கொக்கிக்கு இடம் பார்க்க விரலை ஓட்டினார். ஓரமாகக் கத்தியால் போட்ட கீறல்கள், கீழிருந்து மேலாக எட்டு. நாலாவதும் ஐந்தாவதும் மட்டும் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருந்தன. விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவர் வீட்டு அலமாரிக் கதவு அது. அந்தக் கீறல்கள் அவர் போட்டவை.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மகளைக் கதவோடு ஒட்டி நிற்கவைத்து, உச்சந்தலைக்கு நேராக ஒரு கோடு போடுவார். நாலாவது பிறந்தநாளில் அந்த வாலு குதிகாலைத் தூக்கி ஏமாற்றிவிட்டாள். "அடி கள்ளி!" என்று காலை அமுக்கி, கீழே சரியாக இன்னொன்று போட்டார். அப்படித்தான் ஏழு வயதுக்கு எட்டுக் கீறல் ஆயிற்று. எட்டாவது பிறந்தநாளுக்கு அவள் இல்லை. பத்து நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

அதன் பிறகு அந்தக் கதவைத் தினமும் துடைப்பது அவர் மனைவியின் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து இவருடைய தம்பி வந்தான். ஹோட்டல் சுவர்களுக்குப் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து கொடுக்கிறவன். "அண்ணி, உள்ளுக்குள்ள கரையான் அரிச்சிருக்கு, விட்டா வீடு பூரா பரவிடும், நானே கொண்டுபோய்க் கொளுத்திடறேன்" என்று பதறினாற்போல் நடித்துக் கழற்றிக்கொண்டு போனான். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஆணிக்காரர் தம்பிக்கு ஃபோன் போட்டார்.

"டேய், நீ கொளுத்தின கதவு என் கையில இருக்குடா."

மறுமுனையிலிருந்து குழைந்துகொண்டு வந்தது குரல். "அண்ணா, கோவப்படாத. அவ்வளவு பழைய மரம் வேற எங்க கிடைக்கும்? தேயிலைத் தண்ணி பூசி, அடுப்புல வாட்டி, மூணு மாசம் உயிரைக் கொடுத்திருக்கேன். இப்பப் பாரு, நம்ம வீட்டுப் பலகைக்கு எவ்வளவு மரியாதை!"

"மரியாதையா? சீ! உன்கூடப் பேசவே நாக்கு கூசுதுடா."

நேராக இயக்குநரின் அறைக்குப் போனார். மேஜைமேல் அந்தப் புத்தகம் திறந்து கிடந்தது. கீறல்களின் புகைப்படம், பக்கத்தில் விளக்கம். மேதை சிறையில் பட்டினி கிடந்த எட்டு நாட்களின் கணக்காம் அது. நெருங்கியிருக்கும் இரண்டு, தாய் இறந்த சேதி வந்து கை நடுங்கிய இடமாம். அடக் கண்றாவியே! குழந்தை குதிகாலைத் தூக்கியதற்கு இப்படியும் ஒரு கதையா?

"ஐயா, அது என் பொண்ணோட உயரம்" என்று ஆரம்பித்து, கரையான் முதல் தேயிலைத் தண்ணி வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

இயக்குநர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"சொல்லாதீங்க. சாயங்காலம் திறப்பு விழா. ஒண்ணு செய்ங்க, அதை இழைச்சு வழவழன்னு ஆக்கிடுங்க. கோடே தெரியக் கூடாது. பூச்சி அரிச்சிருந்துச்சு, சீவிட்டோம்னு சொல்லிக்கலாம்."

"புத்தகத்துல எழுதியிருக்கீங்களே?"

"அடுத்த பதிப்புல எடுத்துட்டாப் போச்சு."

"படம் பொய்னு தெரிஞ்சுமா ஐயா?"

"எது பொய், எது நிஜம்னு சொல்ல நான் இருக்கேன். நீங்க ஆணி அடிக்கிற வேலையைப் பாருங்க."

ஆணிக்காரர் திரும்பி நடந்தார். தாய் செத்த சேதி என்று கதை விட்ட அதே வாய், இப்போது சீவிப் போடு என்கிறது. அங்கே தம்பி மரியாதை என்கிறான். தூ! என்ன ஜென்மங்கள்!

பட்டறைக்கு வந்து இழைப்புளியை எடுத்தார். பலகையைக் கீறல் பக்கம் அடியில் வரும்படி, கீழே தன் சட்டையை விரித்து, மெல்லப் படுக்க வைத்தார். அப்புறம் அந்தக் கிழத் துறவியின் நெற்றியில் வைத்து ஒரே தள்ளு. நெற்றி சுருண்டு வந்தது. மூக்கு, தாடி, மண்டையோடு எல்லாம் போயின. காலடியில் குவிந்த சுருளில் சமையலறை வாடை அடித்தது.

சத்தம் கேட்டு இயக்குநர் ஓடிவந்தார். "ஐயோ! பாவி, என்ன காரியம் செஞ்சீங்க!"

"இழைக்கச் சொன்னீங்க, இழைச்சிட்டேன். பூச்சி அரிச்ச பக்கம் இதுதான் ஐயா."

அவர் போலீஸ், ஜெயில் என்று கத்தக் கத்த, ஆணிக்காரர் பலகையை மடியில் சாத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வீட்டுக்கு ஃபோன் போட்டார்.

"கதவு கிடைச்சிடுச்சு" என்றார்.

மனைவி எங்கே, எப்படி என்று எதுவுமே கேட்கவில்லை. "கோடெல்லாம் இருக்கா?" என்றாள்.

அவர் விரலை வைத்துக் கீழிருந்து ஒருமுறை எண்ணினார்.

"எட்டும் இருக்கு."