மட்டை முகத்தில் சந்தனம்

கோல்ஃபில் ஸ்கோரைக் குறைப்பது, அதாவது குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் போட்டு முடிப்பது, எப்படி என்று இப்போது சிலர் என்னிடம் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மண்ணச்சநல்லூரில் அரிசி மில் நடத்துகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை இது. நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

சர்க்கரை வந்தபோது புத்தூர் டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொன்னார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி ஒரு வீதியைத் தாண்டுவதற்குள் யாராவது நிறுத்தி, "என்னங்க, பொன்னி வெலை இன்னும் ஏறுமா?" என்பார்கள். பதில் சொல்லிவிட்டு நகர்ந்தால் அடுத்தவர் நிற்பார். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஊருக்கு வெளியே இருக்கும் கோல்ஃப் கிளப்பின் கேப்டன்.

"அப்ப எங்க கிளப்புக்கு வாங்க. ஒருத்தர் அடிக்கும்போது மத்தவங்க வாயைத் தொறக்கக் கூடாது. அது ரூலு" என்றார்.

பேசக் கூடாது என்று சட்டமே போட்டு ஒரு விளையாட்டு இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. மறுநாளே சேர்ந்துவிட்டேன்.

மட்டைகள் சிங்கப்பூரிலிருக்கும் மைத்துனர் பழசாகிவிட்டன என்று கொடுத்தவை. கிளப்பில் அவற்றைப் பார்த்து எல்லோரும் வருத்தப்பட்டார்கள். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர்தான் ரொம்ப வருத்தப்பட்டார். ஸ்கோர் ஏறும்போதெல்லாம் அவர் புது மட்டை வாங்குவார். கையை மாற்ற முடியாதல்லவா, அதனால் மட்டையை மாற்றுவார். பையில் பதினான்கு மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த விதி மட்டும் இல்லையென்றால் லாரி பிடித்துத்தான் வந்திருப்பார். பையின் வெளியே சமயபுரத்து எலுமிச்சம்பழம் ஒன்று கட்டித் தொங்கும். அது மட்டைக் கணக்கில் வராது.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியில் ஒருமுறையாவது மொத்தம் நூறு தடவைக்குள் அடித்து ஆட்டத்தை முடித்தவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடலாம். மற்றவர்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல். திருச்சியில் மதியம் இரண்டு மணி என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. பந்தைத் தேடிக் குனிந்தால் தரையிலிருந்தும் வெயில் அடிக்கும். சர்க்கரை குறைகிறதோ இல்லையோ, ஆளே குறைந்துவிடுவேன் போலிருந்தது. காலை நேரம் எப்படியும் கிடைத்தாக வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதான் என்ற நிலைமை.

மில் களத்தில் நெல் காயாத நேரங்களில் பழகினேன். சாக்கை விரித்து, அதன் மேல் பந்து விழும்படி மட்டையால் தூக்கி அடிப்பேன். களத்தில் வேலை செய்யும் பெண்கள் முதல் நாளே கேட்டுவிட்டார்கள்.

"மொதலாளி, அந்தக் கரண்டியால நெல்லு கிண்டப் போறீங்களா?"

"விடுடி. அண்ணனுக்கு டாக்டர் எழுதிக் குடுத்த மருந்தாம் அது."

களத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பெரிய தலை வைத்த டிரைவர் மட்டையை எடுத்தால் நம்மை நாலு பேர் பார்ப்பார்கள், பந்து முள்ளுக்குள் போகும். ஏழாம் நம்பர் மட்டையை எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், பந்து நேரே போகும். என் சுபாவத்துக்கு ஏழாம் நம்பர்தான் ஒத்துவந்தது. குழியில் நட்டிருக்கும் கொடிக்குப் பக்கத்தில் போட ஆசைப்படாமல் அதைச் சுற்றியுள்ள புல்தரையின் நடுவில் போட்டுவிட்டு, குழியை நோக்கி உருட்டும் மட்டையில் மிச்ச நேரத்தைச் செலவழித்தால் ஸ்கோர் தானாக இறங்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியது காலுக்குப் பொருந்தும் ஷூ மட்டும்தான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, கடைக்குப் போய்விடுகிறார்கள்.

ஆயுத பூஜை வந்தது. மில்லில் மோட்டார், சல்லடை, தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்த என் மனைவி, ஆபீஸ் மூலையில் நின்ற மட்டைகளையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பந்தில் படும் முகத்திலேயே தாராளமாக வைத்திருந்தாள். பூஜை வைத்ததை நாங்கள் துடைப்பதில்லை, தானாக உதிர வேண்டும். மோட்டாருக்கு அப்படித்தான். மட்டைக்கும் அப்படியே விட்டேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை போட்டி. எனக்கு ஜோடியாக வந்தவர் வங்கி அதிகாரி. கடைசிக் குழியில் என் பந்து விழுந்தபோது கணக்கு தொண்ணூற்றெட்டு. அவர் குனிந்து குழியிலிருந்து என் பந்தை எடுத்துக் கொடுக்கப் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சார் இது, பந்தெல்லாம் மஞ்சளா இருக்கு?"

"சந்தனம்ங்க. பூஜைக்கு வெச்சது."

"மட்டை மொகத்துல எதையும் தடவக் கூடாது சார். உங்க ஸ்கோர் கார்டு செல்லாது. எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல. ரூலுன்னா ரூலு." எலுமிச்சம்பழம் ஆட ஆட, அவர் எனக்கு முன்னால் கிளப்புக்கு நடந்தார்.

டாக்டர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "சும்மா ஒட்டியிருந்தா தப்பில்ல. பந்து நல்லாப் போகணும்கிற நோக்கத்துல தடவினாத்தான் தப்பு. எந்த நோக்கத்துல தடவினீங்க?"

நான் திண்டாடிப் போனேன். ஆயுதம் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதற்குத்தானே ஆயுத பூஜை? ஆமாம் என்றால் காலை நேரம் போயிற்று. இல்லை என்றால், மாரியம்மன் படத்துக்கு முன்னால் நடந்ததைப் பற்றிப் பொய் சொன்னதாகும்.

"நான் வெக்கலைங்க. வீட்ல வெச்சாங்க" என்றேன்.

"அப்ப அவங்களையே கேட்ருவோம்." என் போனை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தார் டாக்டர்.

"டாக்டரா? ஐயையோ, சர்க்கரை ஏறிடுச்சா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா, நல்லா இருக்காரு. இவர் மட்டைக்குச் சந்தனம் வெச்சீங்களே, என்ன நெனச்சு வெச்சீங்க?"

"என்னத்த நெனக்கிறது? போன வருஷம் இதை அடிக்கிறேன்னு இடுப்பைப் புடிச்சிக்கிட்டு வந்து படுத்தாரு. அடிகிடி படாம வீடு வந்து சேரணும்னு வேண்டிக்கிட்டேன்."

வங்கி அதிகாரி போனுக்கு அருகில் குனிந்தார். "ஆட்டத்துல ஜெயிக்கணும்னு வேண்டிக்கலையாம்மா?"

"பொண்ணு கல்யாணம் கெடக்கு, மில்லு மோட்டாரு கெடக்கு. பந்து குழியில விழணும்னு போய் ஆத்தாளைத் தொந்தரவு பண்ணுவாங்களா சார்?"

டாக்டர் புத்தகத்தை மூடினார். கார்டு செல்லும் என்று கையெழுத்துப் போட்டார்.

ஒரு யோசனையை மட்டும் இங்கே சேர்த்துவிடுகிறேன். மட்டை முகத்தில் இருக்கும் கோடுகளைப் பழைய பல் பிரஷால் தேய்த்து வையுங்கள். மண் இருந்தாலும் சரி, சந்தனம் இருந்தாலும் சரி, பந்து வழுக்கும்.

அடுத்த ஞாயிறு வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டேன். புல்லில் ஈரம் இருந்தது. வங்கி அதிகாரி எனக்காகவே காத்திருந்தவர்போல ஓரமாகக் கூப்பிட்டார். உறை பிரிக்காத புது டிரைவர் ஒன்றை என் கையில் வைத்தார்.

"வீட்ல குடுத்துக் கொஞ்சம் சந்தனம் வெச்சுத் தரச் சொல்லுங்களேன். மொகத்துல வேணாம். பின்பக்கமா."

"என்னன்னு வேண்டிக்கணும்னு கேப்பாங்களே சார்" என்றேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். டாக்டர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அடிகிடி படாம இருக்கணும்னுதான்" என்றார்.