உயர நாற்காலியில் விசில் அக்கா

அந்த நீச்சல் குளத்தில் எல்லோருக்கும் அவர் விசில் அக்காதான். உண்மையான பெயரைக் கேட்டால் மேனேஜரே கொஞ்சம் யோசிப்பார். குளத்தின் நீளப் பக்கத்தில் ஏணி வைத்த உயரமான நாற்காலி ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து, யாரும் மூழ்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

"சும்மா உட்கார்ந்து பார்க்கிறதுக்குச் சம்பளமா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

"சும்மா இருக்கிறது சுலபம். சும்மா பார்த்துப் பாருங்க, தெரியும்" என்பார்.

மூழ்குகிறவர்கள் கத்துவதில்லை, கையை ஆட்டுவதும் இல்லை. பக்கத்தில் நீந்துகிறவருக்குக்கூடத் தெரியாமல் சத்தமில்லாமல் உள்ளே போவார்கள். அதனால் ஆழம் குறைந்த பக்கத்திலிருந்து ஆழமான பக்கம் வரைக்கும், பிறகு திரும்பவும், பார்வை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். நெடுங்காலமாக அவர் பார்வை அப்படித்தான் ஓடியது.

ஒரு மத்தியானம் அது அறுந்தது. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண் படிக்கட்டுப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தாள். அடுத்து அக்கா பார்த்தபோது அவள் ஆழமான பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடுவில் அவள் குளத்தைக் கடந்திருக்கிறாள். அக்காவின் கண் மூடவில்லை. ஆனால் பார்க்கவும் இல்லை.

ஒன்றும் நடக்கவில்லைதான். அக்கா மட்டும் அன்று மாலை வரை தொப்பிகளை எண்ணிக்கொண்டே இருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி, சொன்னால் அது நிஜமாகிவிடுமோ என்ற பயம் மீதி.

முதலில் டீயை நம்பினார். ஒரு பெரிய ஃப்ளாஸ்க் நிறையக் கறுகறுவென்று போட்டு எடுத்துவந்தார். மனசு விழித்தது, கூடவே நெஞ்சும் படபடத்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் கிட்டே வரவில்லை. மறுநாள் இன்னும் மந்தம், இன்னும் டீ.

பிறகு ஒருநாள் மருந்துக் கடையில், குளோரின் நெடிக்காக வழக்கமாக வாங்கும் தும்மல் மாத்திரையைக் கேட்டபோது, கடைக்காரர் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "அக்கா, நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க? இது தூக்கம் வரவைக்கும். வண்டி ஓட்டுறவங்க கேட்டா நாங்க வேற மாத்திரைதான் கொடுப்போம்."

அக்காவுக்கு உயிர் வந்தது. குற்றவாளி சிக்கிவிட்டான்! மாத்திரையை மாற்றினார். சில நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பழைய கதைதான்.

அந்தச் சமயத்தில் ஊரின் மறுகோடியில் புதுக் குளம் ஒன்று திறந்தார்கள். சறுக்குமரம், வட்டமான சின்னக் குளம், எங்கே திரும்பினாலும் குழந்தைகள். கொஞ்ச நாள் அங்கே இருக்கச் சொல்லி மேனேஜர் அனுப்பினார். என்ன ஆச்சரியம்! பார்வை கத்திபோல ஆனது. ஒவ்வொரு மூலையும் புதுசு, ஒவ்வொரு சத்தமும் புதுசு.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேங்க" என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னார். "பழைய குளம் அலுத்துப்போச்சு, அவ்வளவுதான் போல."

கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சோறு பரிமாறும் மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு சாப்பிட்டார்.

புதுசும் பழகிப்போனது. பழைய குளத்துக்கே திரும்பி வந்தார். தலைக்குள் பஞ்சு அடைத்ததுபோல் மறுபடியும் மந்தமானது.

ஒரு காலையில் பெண்கள் வகுப்பு நடந்தது. முட்டிவலிக்காக நீச்சல் கற்க வந்திருந்த கணக்கு டீச்சர், சுவரைப் பிடித்துப் பிடித்து நகர்ந்துகொண்டிருந்தார். அவருடைய மருமகளும் கூட வந்திருந்தாள்.

"அக்கா! அத்தையைக் காணோம்!"

மருமகளின் அலறலில்தான் அக்காவுக்கு உலகம் திரும்பி வந்தது. தண்ணீருக்கடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. அடுத்து என்ன செய்தோம் என்பது அவருக்கே சரியாக நினைவில்லை. பழகிய உடம்பு தானாகக் குதித்தது, தானாகப் பிடித்தது, தானாக மேலே இழுத்துப் போட்டது. டீச்சர் இருமி, தண்ணீரைக் கக்கி, கண்ணைத் திறந்தார்.

"தண்ணியில எவ்வளவு மருந்து போடுறாங்க" என்றார் முதல் வார்த்தையாக. சுற்றி நின்றவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். கைதட்டினார்கள். மேனேஜர் அக்காவைப் போட்டோ எடுத்து வாசலில் மாட்டினார்.

அன்று சாயங்காலம் அக்கா சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் கை தட்டினாங்க. நான் பார்க்கவே இல்லைங்க. அந்தப் பொண்ணு கத்தலேன்னா..."

கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் பேசிட்டு இருக்கும்போதே நீ எங்கயோ போயிடுறே. கொஞ்ச நாளாவே பார்க்கிறேன். சொன்னா கோபப்படுவியேன்னு வாயை மூடிக்கிட்டேன். தப்புதான். டாக்டரைப் பார்ப்போம், வா."

மறுநாள் அக்கா மேனேஜரிடம் போய், "என்னை நாற்காலியிலேர்ந்து இறக்கிடுங்க" என்று சொல்லி, நடந்ததை அப்படியே சொன்னார். மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"இப்பத்தானேம்மா போட்டோவை மாட்டினேன்!"

டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். குளிர்கிறதா என்று கேட்டார். தண்ணீர்ப் பக்கமே இருந்தால் குளிராதா? முடி கொட்டுகிறதா? குளோரின் ஆச்சே. உடம்பு கனக்கிறதா? உட்கார்ந்தே இருக்கும் வேலை. அக்காவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. சொல்லச் சொல்ல, அந்தக் காரணங்கள் அவர் காதுக்கே சாக்குப்போக்காகக் கேட்டன.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. தலையில் கட்டி, மறதி நோய் என்று நினைக்கக்கூடாததையெல்லாம் நினைத்தார். முடிவு வந்தது. தைராய்டு ரொம்பக் குறைவு.

"சோம்பேறித்தனமும் இல்லை, அலுப்பும் இல்லை" என்றார் டாக்டரம்மா. "உடம்போட அடுப்பு அணைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. டீயும் புது இடமும் கொஞ்ச நேரம் ஊதிவிட்டிருக்கு, அவ்வளவுதான். மாத்திரை வேலை செய்ய நாளாகும். அவசரப்படாதீங்க."

அக்கா நுழைவுச்சீட்டு கொடுக்கும் ஜன்னல் வேலைக்கு மாறினார். வாசலில் இருந்த போட்டோவைத் தானே கழற்றினார். டீச்சர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னார். டீச்சர், "சொல்லாமலே இருந்திருக்கலாமே. ஏன் சொன்னீங்க?" என்றார்.

"இன்னொருத்தர் தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடி சொல்லணும்னு தோணிச்சு டீச்சர்."

டீச்சர் மறுபடியும் நீந்த வந்தார். மருமகள் வரவில்லை. கடைத்தெருவில் அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதில் தப்பு இல்லை என்றே அக்கா நினைத்தார்.

பஞ்சு மெல்ல விலகியது. ஒருநாள் கணவர் சொன்ன லிஃப்ட் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, சரியான இடத்தில் சிரித்தார். கணவர் அதையே பெரிய செய்தியாக டாக்டரிடம் சொன்னார். கடைசியில் டாக்டரம்மா நாற்காலிக்குச் சம்மதித்தார். ஆனால் அக்கா ஒரு நிபந்தனை போட்டார். இனி யாரும் நாள் முழுக்கத் தனியாக உட்காரக்கூடாது. ஒருவர் களைப்பதற்குள் அடுத்தவர் ஏறவேண்டும்.

"ஆள் பத்தாதும்மா" என்றார் மேனேஜர்.

"அப்போ குளத்தைக் கொஞ்ச நேரம் மூடுங்க."

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு காவலர் அக்காவோடு மாறி மாறி உட்காருவதாக ஏற்பாடு.

முதல் நாள் அக்கா ஏணியில் ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறினார். தண்ணீரைப் பார்த்தார். தொப்பிகளும் தோள்களும் தனித்தனியாகத் தெரிந்தன. தெரிகிறதே என்று சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது. எந்த நிமிஷம் மறுபடியும் மறையுமோ?

நெட்டை வந்து ஏணியைத் தட்டினார். "இறங்குங்கக்கா, என் முறை."

"ஆழமான பக்கத்துல ஒரு நீலக் கண்ணாடிக்காரர், மூச்சு வாங்குறார். பார்த்துக்கோங்க."

"பார்த்துட்டேன்க்கா. நீங்க போய் உட்காருங்க."

அக்கா இறங்கினார். ஆனால் போகவில்லை. நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு, அந்த மனிதர் கரைக்கு வந்து சுவரைத் தொடும்வரை அங்கேயே நின்றார்.