குளக்கரை வலை

ஐப்பசிக் கடைசியில், வேலைக்குப் போகும் வழியில், மார்க்கையன்கோட்டைப் பக்கத்துக் குளம் ஒன்றில் தினமும் காலையில் வண்டியை நிறுத்துவேன். குளிர்காலத்தில் அங்கே ஊசிவால் வாத்துகள் வந்திறங்கும். போன வருஷம் ஒரு சிறு கூட்டத்தைப் பார்த்திருந்தேன். இந்த முறை நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான் கண்ணில் பட்டன. இன்னும் நாளிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள், எதிர்க்கரைக் கருவேல மரங்களுக்குப் பின்னால் வலை ஒன்று பைனாகுலரில் தெரிந்தது. அதற்கப்புறம் வாத்து ஏன் வரவில்லை என்பதற்கு வேறு காரணம் தோன்றவில்லை.

அந்தக் கரையை ஒட்டித் திராட்சைத் தோட்டம். தோட்டக்காரரின் மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். நான் வலையைப் பார்க்க, அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கரையைச் சுற்றி நேரே வந்துவிட்டாள்.

"யாருக்கா நீங்க? தெனமும் எங்க தோட்டத்தையே பாக்குறீக. ரோடு போட அளக்க வந்தீகளா?"

"வாத்து பாக்க வர்றேன்."

"தண்ணியில ஒரு வாத்தும் இல்லையே!"

கேமராவைக் கேட்டாள். கொடுத்தேன். ஒவ்வொரு படமாகப் பார்த்து, தோட்டத்து மோட்டார் அறை ஓரமாய்ப் பதிவாகியிருந்த ஒரு படத்தை அழிக்கச் சொன்னாள். அழித்துவிட்டு, "அந்த வலை எதுக்கு?" என்றேன்.

"பந்தல்ல போடுற வலை. மைனா கொத்தாம இருக்க. கழுவிக் காயப்போட்ருக்காக எங்க வீட்டுக்காரரு."

நம்பவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "வாங்க, வந்து பாருங்க" என்று வீம்பாக முன்னே நடந்தாள்.

வலையில் பவளக்கால் உள்ளான் ஒன்று தலைகீழாகத் தொங்கியது. உயிர் இருந்தது. அவள் மடியிலிருந்த கத்தரியை எடுத்து, நீளச் சிவப்புக் கால்களைச் சுற்றியிருந்த நூலை வெட்டினாள். பறவையை நான் பிடித்திருந்தேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடத்தது. விட்டதும் தாழப் பறந்து அக்கரைக்குப் போனது.

அப்போதுதான் அவள் குனிந்து பார்த்தாள். வலையின் இரு முனையிலும் மூங்கில் முளைக்குச்சிகள் ஆழமாக அடிக்கப்பட்டிருந்தன. காயப்போட எதற்கு முளை என்று நான் கேட்கவில்லை. அவள் முளைகளை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள்.

"நீங்க பாத்ததா அவுககிட்ட சொல்லீராதீக."

கார்த்திகையில் வாத்துகள் வந்தன. கூரிய வாலும் வெள்ளைக் கழுத்துமாக நடுத்தண்ணீரில் மிதந்தன. அவளைக் கூப்பிட்டு பைனாகுலரைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு கண்ணை எடுக்காமலே, "இப்பல்லாம் ஞாயித்துக்கெழமையானா எங்க வீட்டுக்காரரு அந்த வலைய எடுத்துக்கிட்டு சுருளிப்பட்டிப் பக்கம் போறாக. மீன் பிடிக்கத்தானாம்" என்றாள்.

"மீன் கொண்டு வர்றாரா?"

"வித்துட்டு வந்துட்டேங்கிறாக."

அங்கே எந்தக் குளம் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள்.